இடப்பக்கத்து ஸ்பீக்கர்

ஆகஸ்ட் 2, சனி

சுவரில் ஓட்டை போட்டதிலேயே பாதி நாள் போய்விட்டது. டிரில்லை எதிர்வீட்டில் இரவல் வாங்கினேன். ஒரு ஸ்பீக்கரை மாட்ட இரண்டு ஓட்டை போதும் என்று கடைக்காரர் சொன்னார். எங்கள் வீட்டுச் சுவர் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. முருங்கை மரப் பக்கத்துச் சுவரில் முதலில் அடித்த பிளாஸ்டிக் பிளக் உள்ளே போய் மறைந்தே விட்டது. அடுத்ததற்குப் பெயர்ந்து விழுந்த காரை ஒரு தட்டு நிறைய இருக்கும். என் வீட்டுக்காரி பியூலா விளக்குமாறோடு வந்து நின்று, தரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு காரையைக் கூட்டி அள்ளினாள்.

சாயங்காலத்துக்குள் இரண்டும் ஏறிவிட்டன. ஒன்று முருங்கைப் பக்கச் சுவரில், மற்றது நேர் எதிரே சமையலறைப் பக்கச் சுவரில். தெருப்பக்கச் சுவரை ஒட்டி இருக்கிற கம்ப்யூட்டர் முன் நான் உட்கார்ந்தால் இடது கைக்கு ஒன்று, வலது கைக்கு ஒன்று. பார்க்க நன்றாகவே இருக்கிறது.

இவ்வளவு பாடு எதற்கென்றால், மாதக் கடைசி ஞாயிறு எங்கள் வேதக்கோயில் பிரதிஷ்டைப் பண்டிகை, சர்ச் கட்டித் திறந்த நாள். பாடகர் குழுவுக்காக பைபிளில் இருக்கிற ஒரு சங்கீதத்துக்கு நானே மெட்டமைத்து, பெண்களின் மேல்குரல் சோப்ரானோ, கீழ்க்குரல் ஆல்ட்டோ, ஆண்களின் டெனர், பாஸ் என்று நான்கு குரலுக்கும் பிரித்து எழுதியிருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் இயற்பியலும் கோயிலில் பாட்டும் சொல்லிக் கொடுத்தே வயதானவன் நான். பள்ளிக்கூடம் ஓய்வு கொடுத்துவிட்டது. கோயில் இன்னும் கொடுக்கவில்லை. கீபோர்டு வாசிக்கிற டைட்டஸ் ஒவ்வொரு ஒத்திகையையும் பதிவு செய்து பென் டிரைவில் தருகிறேன் என்றிருக்கிறான். கம்ப்யூட்டரோடு வந்த சின்னப் பெட்டிகளில் கேட்டால் நாலு குரலும் ஒரே குழம்பாகக் கேட்கும். சுவரில் பெரிதாக வைத்துக் கேட்டால்தான் யார் எங்கே சறுக்குகிறார்கள் என்று தெரியும்.

எனக்கு ஏற்கெனவே தெரியும். ஆல்ட்டோதான்.

ஆகஸ்ட் 4, திங்கள்

கம்ப்யூட்டரின் முதுகில் இருக்கும் பச்சைத் துளையில் ஒரு முனை. அதே ஒயரின் மறுமுனை இரண்டாகப் பிரிந்து, சிவப்பும் வெள்ளையுமாக ஆம்ப்ளிஃபயருக்குப் போகிறது. அங்கிருந்து இரண்டு ஸ்பீக்கருக்கும் தனித்தனி ஒயர். எட்டாம் வகுப்புப் பையன் செய்துவிடுவான். எனக்கு மேசைக்கு அடியில் குனிந்து எழுந்ததில் இடுப்புதான் பிடித்துக்கொண்டது.

எங்கள் குழுவின் பழைய பதிவு ஒன்றைப் போட்டேன், பாட்டு வந்தது. ஆனால் முருங்கைப் பக்கத்து ஸ்பீக்கர் மந்தம். சமையலறைப் பக்கத்தில் டெனரும் பாஸும் கணீரென்று வர, இடப்பக்கம் யாரோ போர்வைக்குள்ளிருந்து பாடுகிற மாதிரி இருக்கிறது. ஒயர் சரியாக முறுக்கவில்லை போலும். நாளை பார்க்கலாம்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

நோக்கம்: இடப்பக்க ஸ்பீக்கரின் குறையைக் கண்டறிதல்.

செய்முறை: ஒயர் முனைகளைப் புதிதாக முறுக்கி, ஆம்ப்ளிஃபயரில் இரண்டு ஒயரையும் இடம் மாற்றிச் செருகினேன்.

கண்டது: இப்போதும் இடப்பக்கம்தான் மந்தம். (பிறகு பழையபடியே செருகிவிட்டேன்.)

முடிவு: ஒயரிலும் குறையில்லை, ஆம்ப்ளிஃபயரிலும் குறையில்லை. ஸ்பீக்கரே சொத்தை.

பிள்ளைகளுக்கு இப்படித்தான் சொல்லிக் கொடுத்தேன். ஒன்றை மாற்று, மற்றதை மாற்றாதே, பதில் தானாக வரும். பியூலாவைக் கூப்பிட்டு இதை விளக்கினேன். அவள் ஹால் நடுவில் நின்று இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிக் கேட்டாள். எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது என்றாள். பாட்டு விஷயத்தில் அவளுக்கு அவ்வளவுதான்.

சாப்பாட்டு மேசையில் அவள் இடம் மாறி ரொம்ப நாளாகிறது. முன்பெல்லாம் என் இடது கைப் பக்கம் உட்காருவாள். அங்கே ஃபேன் காற்று முகத்தில் அடிக்கிறது என்று வலப்பக்கம் வந்துவிட்டாள். கோபம் வந்தால் மட்டும் பழைய இடத்துக்கே போய்விடுவாள். அப்போது வாயைத் திறக்கவே மாட்டாள், சாப்பிட்டு முடியும்வரை ஊமைதான். இன்று அங்கேதான் உட்கார்ந்தாள். காரைப் பொடிக்கோ என்னவோ.

ஆகஸ்ட் 7, வியாழன்

ஸ்பீக்கர்களையே கழற்றி இடம் மாற்றினேன். முருங்கைப் பக்கத்துக்குப் போனது மந்தமாயிற்று. சமையலறைப் பக்கத்துக்கு வந்தது கணீரென்று பாடுகிறது. ஆக ஸ்பீக்கரும் சொத்தையில்லை.

மிஞ்சுவது சுவர்தான். முருங்கைப் பக்கம் ஜன்னல் இருக்கிறது, திரை தொங்குகிறது. சத்தத்தைத் துணி குடிக்கும் என்பது நான் நடத்திய பாடம்தான். திரையைக் கழற்றிப் போட்டேன். வெயில் வந்தது, சத்தம் வரவில்லை. கடைசியில் ஆம்ப்ளிஃபயரில் இருக்கிற ஒரு குமிழைத் திருகி, இடப்பக்கத்துக்கு மட்டும் சத்தத்தை ஏற்றி வைத்தேன். இப்போது இரண்டும் சமம். காய்கறிக்காரம்மா முருங்கைப் பக்கமாகப் போகிறபோது ஏன் காதைப் பொத்தினாள் என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 9, சனி

ஒத்திகை. மனசு சரியில்லை.

சலோமி ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். மைதானத்தின் அந்தக் கோடியில் ஓடுகிற பிள்ளையை விசில் இல்லாமல் நிறுத்துகிற குரல். ஆல்ட்டோவுக்கு அவள்தான் தலைவி; என் பாட்டில் நடுவில் நான்கு வரி அவள் தனியாகப் பாட வேண்டும். அவளும் அவள் கூட்டமும் எப்போதும் என் இடது கைப் பக்கம்தான் உட்காருவார்கள். மைதானத்தில் வருகிற குரல் கோயிலுக்குள் வந்தால் மட்டும் அடைத்துக்கொள்கிறது. இன்று அந்த நான்கு வரியை மூன்று முறை பாட வைத்தேன். மூன்று முறையும் காற்றுதான் வந்தது. சமுத்திரத்தையும் பூமியையும் படைத்தவரைப் பற்றிய வரிகள். அவற்றை யாராவது முணுமுணுப்பார்களா?

எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன். வாய்தான் அசையுது, சத்தம் வரல, பண்டிகைக்கு வாயசைக்க ஆள் தேவையில்லை என்று. அந்த நான்கு வரியை டைட்டஸ் கீபோர்டிலேயே வாசிக்கட்டும் என்றும் சொன்னேன். சலோமி பாட்டுத்தாளை மடித்துப் பைபிளுக்குள் வைத்தாள். முகம் சிவந்துவிட்டது. டைட்டஸ் ஏதோ சொல்ல வந்து என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

கண்டிப்பு இல்லாமல் பாட்டு வராது. என்றாலும் இரவுச் சாப்பாடு இறங்கவில்லை. பியூலா இடப்பக்கம் உட்கார்ந்திருந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

டைட்டஸ் பென் டிரைவ் கொண்டுவந்தான். ஆள் உட்கார்ந்த வரிசைப்படியே ஆல்ட்டோ இடப்பக்க ஸ்பீக்கரில் வரும்படி பதிந்திருக்கிறானாம். போட்டவுடன் அவன் முகம் சுருங்கியது. இடப்பக்கம் ரொம்ப இரைகிறது, குறைக்கட்டுமா என்று கேட்டான். அது சுவரின் கோளாறுக்காக நான் ஏற்றி வைத்தது, தொடாதே என்றேன். ஆல்ட்டோ நன்றாகத்தானே வந்திருக்கிறது என்றான் தயங்கித் தயங்கி. மரியாதை தெரிந்த பிள்ளை; யாரையும் விட்டுக் கொடுக்க மாட்டான்.

அவன் போன பிறகு பியூலா காபி கொண்டுவந்தாள். பஞ்சை எடுத்துக் காதில் வைத்திருந்தாள். ஜலதோஷமாம். இந்த வீட்டில் எனக்கு எதுவும் முன்கூட்டித் தெரிவதில்லை. போன வருடம் கிறிஸ்துமஸுக்கு முன்னால் தங்கையைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய் ஏதோ டெஸ்ட் எடுத்து வந்தாள். ஒன்றுமில்லை என்று ரிப்போர்ட் வந்த பிறகு, அதுவும் தங்கை வாய்வழியாகத்தான், எனக்குத் தெரிந்தது. கட்டிய புருஷனிடம் ஒரு வார்த்தை சொன்னால் என்ன?

ஆகஸ்ட் 16, சனி

ஆல்ட்டோ வரிசை காலி. ஒருத்தி கூட வரவில்லை. சலோமிக்கு உடம்பு சரியில்லை என்று ஒருத்தி சொல்லி அனுப்பினாள். மற்றவர்கள் சொல்லியும் அனுப்பவில்லை.

இருப்பவர்களை வைத்துப் பாடிப் பார்த்தோம். ஒரு விஷயம் எழுத வேண்டும். போன வாரம் இல்லாத ஆல்ட்டோவுக்கும் இந்த வாரம் வராத ஆல்ட்டோவுக்கும் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் சோப்ரானோக்காரர்கள் மூன்றாவது வரியிலேயே தடுமாறி நின்றுவிட்டார்கள். அவுக இல்லாம சுருதி நிக்க மாட்டேங்கு சார் என்றார்கள். கேட்காத குரலை எப்படிப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள்?

பாஸ்டர் வீட்டுக்கு வந்தார். இந்த வருடம் சாதாரணக் கீர்த்தனை ஒன்று பாடிவிடலாமே என்றார் மெதுவாக. அதன் பொருள் எனக்குத் தெரியும். அடுத்த வருடம் வேறு ஆள் என்பதுதான். இருபது வருடத்துக்கு மேல் அந்த நான்கு வரிசைக்கு முன்னால் நின்றிருக்கிறேன். வேறு எங்கே நிற்க எனக்குத் தெரியும்?

ஆகஸ்ட் 17, ஞாயிறு

எதுவும் எழுதத் தோன்றவில்லை. எங்கள் பெருமாள்புரத்தில் எந்தக் கடையிலும் பால் கிடைக்கவில்லை.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

பியூலா திடீரென்று வீட்டைப் புரட்டிப் போட ஆரம்பித்துவிட்டாள். கம்ப்யூட்டர் மேசையை எதிர்ச்சுவருக்கு மாற்றியே ஆகவேண்டுமாம்.

"அத்தான், திரைய வேற கழட்டிப் போட்டுட்டிய. சாயங்காலம் வெயில் டிவில பூரா அடிக்கு. மேசைய அந்தப் பக்கம் திருப்பிப் போடுங்க."

அது டிவி இல்லை, மானிட்டர் என்றேன். எதுவா இருந்தா என்ன, திருப்பிப் போடுங்க என்றாள். ஒயரை எல்லாம் கழற்றி, நீட்டி, திரும்பக் கோத்து முடிக்க இருட்டிவிட்டது. ஒரு வேலை முடிந்தால் அடுத்தது வைத்திருப்பாள். பாட்டுப் போட்டுப் பார்க்கச் சத்தில்லை.

ஆகஸ்ட் 20, புதன்

சமையலறைப் பக்கத்து ஸ்பீக்கர் மந்தம்.

ஆகஸ்ட் 20, மதியம்

நிதானமாக எழுதுகிறேன்.

மேசை திரும்பியதால் நானும் திரும்பி உட்கார்ந்திருக்கிறேன். முருங்கைப் பக்கம் இப்போது என் வலது கைக்கு வந்துவிட்டது. காலையில் டைட்டஸின் பதிவைப் போட்டதும் அந்தப் பக்கத்திலிருந்து சத்தம் மூஞ்சியில் அறைந்தது. பதறிப்போய்க் குமிழைப் பழையபடி நடுவுக்குக் கொண்டுவந்தேன். இதுவரை கணீரென்று பாடிய சமையலறைப் பக்கம் மந்தமாகக் கேட்டது. ஒயர் நீட்டியதில் ஏதோ கோளாறு என்று நினைத்து மேலே எழுதியதை எழுதினேன்.

பிறகு, ஏதோ எடுக்க நாற்காலியோடு திரும்பினேன். முருங்கைப் பக்கம் மங்கியது. சமையலறைப் பக்கம் எழுந்தது. மறுபடி திரும்பினேன். மறுபடி மாறியது. பாட்டு அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. யாரும் எந்த ஒயரையும் தொடவில்லை. மாறியது நான் ஒருவன்தான்.

எழுந்துபோய் முருங்கைப் பக்க ஸ்பீக்கருக்கு அடியில் நின்று வலது காதை விரலால் அடைத்தேன். சலோமி பாடுகிற இடம் அது. சுவரில் கை வைத்துப் பார்த்தால் சுவர் அதிர்கிறது. காதில் ஒன்றுமில்லை.

ஒயரை மாற்றினேன், ஸ்பீக்கரை மாற்றினேன், திரையைக் கழற்றினேன், சுவரைக் குறை சொன்னேன். கேட்கிறவனை ஒருமுறை மாற்றிப் பார்க்கத் தோன்றவில்லை. விரலை எடுத்துவிட்டு அந்த நான்கு வரியை வலது காதால் கேட்டேன். அந்தப் பெண் எவ்வளவு நன்றாகப் பாடியிருக்கிறாள். நான் எழுதியதைவிட நன்றாகப் பாடியிருக்கிறாள். எனக்கு வெட்கமாக இருக்கிறது. பயமாகவும் இருக்கிறது.

பியூலா சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. நான் பார்த்ததும் உள்ளே போய்விட்டாள்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

காலையில் காது டாக்டர். ஹெட்ஃபோனை மாட்டி ஒரு பெட்டிக்குள் உட்கார வைத்து, சத்தம் கேட்டால் கையைத் தூக்கச் சொன்னார்கள். இடது காதுக்கு வந்தபோது நான் கையைத் தூக்காமல் உட்கார்ந்தே இருந்தேன். அந்தப் பக்கத்து நரம்பு தளர்ந்து வருடக்கணக்காகியிருக்கும் என்றார். வலது நன்றாக இருக்கிறதாம். இடதுக்கு மெஷின் வைத்துப் பார்க்கலாம், எவ்வளவு உதவும் என்று சொல்ல முடியாது என்றார். வீட்டில் யாரும் கவனிக்கலையா என்று கேட்டார். பியூலா ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிற்பகல் சலோமியின் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். மைதானத்தில் கபடி நடந்துகொண்டிருந்தது. அவள் என்னைப் பார்த்ததும் விசிலைக் கழற்றிக் கையில் சுருட்டிக்கொண்டு வந்தாள். வலப்பக்கம் வந்து நிற்கச் சொன்னேன். விழித்தாள். அப்புறம் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடிக்கும்வரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சார், அன்னைக்கு வீட்டுக்குப் போயி கதவச் சாத்திட்டுப் பாடிப் பாத்தேன். நெசமாவே சத்தம் வரலையோன்னு எனக்கே சந்தேகம் வந்துட்டு. எங்க வீட்டுக்காரர்கிட்ட கேட்டேன். அவரு பொய் சொல்லுதாருன்னு நெனச்சேன்."

எல்லார் முன்னாலும் சொன்னதை எல்லார் முன்னாலும்தான் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும், அதற்காகவாவது நாளைக்கு வா என்றேன். பார்க்கேன் சார் என்றாள். வருவதாகவும் சொல்லவில்லை, வர மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 23, சனி

வந்தாள். ஆல்ட்டோ வரிசை முழுக்க வந்தது.

நின்றுகொண்டே சொன்னேன். என் இடது காது போய்விட்டது. இரண்டு வருடமோ, கூடவோ. அந்தப் பக்கம் இருந்தவர்கள் பாடவில்லை என்று நான் சொன்னதெல்லாம் பொய். சலோமியின் குரலில் ஒரு குறையும் இல்லை, குறை என்னிடம். இனி நான் உங்கள் முன்னால் நிற்கலாமா என்பதை நீங்கள் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.

சலோமிதான் எழுந்தாள். நாற்காலியைத் தூக்கினாள். போகப் போகிறாள் என்றே நினைத்தேன். நேரே நடந்து வந்து என் வலப்பக்கம் போட்டு உட்கார்ந்தாள். ஆல்ட்டோக்காரர்கள் எல்லாரும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னால் வந்தார்கள். அப்போ நாங்க எங்க போக என்று சோப்ரானோக்காரர்கள் கேட்டார்கள். நீங்கள் எங்கே உட்கார்ந்தாலும் ஜங்ஷன் வரை கேட்கும் என்றேன். சிரித்துக்கொண்டே இடப்பக்கம் போனார்கள்.

அந்த நான்கு வரி வந்தபோது நான் கையை அசைக்க மறந்து நின்றுவிட்டேன். அவர்கள் பாட்டுக்குப் பாடி முடித்துவிட்டார்கள்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

பண்டிகை நன்றாக நடந்தது. சலோமி பாடினாள். சரியாகப் பாடினாளா என்று என்னைக் கேட்க வேண்டாம், கோயிலில் இருந்தவர்களைக் கேட்கவும். பாஸ்டர் கையைப் பிடித்துக் குலுக்கினார். எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுகிற அசனத்துக்குச் சாம்பாரும் ஆட்டுக்கறியும். நெரிசலில் யாரோ என் இடப்பக்கம் நின்று வெகுநேரம் பேசிக்கொண்டிருந்திருக்கிறார், பாவம்.

செப்டம்பர் 1, திங்கள்

டைட்டஸ் நேற்றுப் பாடியதைக் கொடுத்துவிட்டுப் போனான். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஹாலில் சோபாவில் உட்கார்ந்து போட்டேன். ஆம்ப்ளிஃபயர் குமிழ் நடுவிலேயே இருக்கிறது. ஜன்னலுக்குத் திரையும் ஏறிவிட்டது.

பியூலா வந்து இடப்பக்கம் உட்கார்ந்தாள். என்ன கோபம் என்று கேட்டேன். கோபமில்லை, சும்மாதான் என்றாள், வலது காதுக்குக் கேட்கும்படி என் முன்னால் எட்டி வந்து. இல்லை, கோபம் வந்தால்தான் அங்கே உட்காருவாய், வாயே திறக்க மாட்டாய் என்றேன்.

அவள் சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"வாய் தெறக்கலையா? அத்தான், அங்க உக்காந்துதான் நான் ஒங்கள வாய் வலிக்கத் திட்டுவேன். காரைப் பொடிக்குத் திட்டினேன். சலோமிக்காக அன்னைக்கு எவ்வளவு திட்டினேன் தெரியுமா? திட்டி முடிச்சா மனசு லேசாயிரும். நீங்களும் பேசாம சாப்பிட்டுட்டு எந்திரிச்சிருவிய."

அப்படியானால் மேசையைத் திருப்பச் சொன்னதும் வெயிலுக்காக இல்லை. கேட்டேன். தலையை ஆட்டினாள். நேராகச் சொல்லியிருக்கலாமே என்றேன். ஒருமுறை காதைக் காட்டச் சொன்னதற்கு நான் நாலு நாள் முறுக்கிக்கொண்டு திரிந்தேனாம். எனக்கு நினைவில்லை. செய்திருப்பேன்.

எப்போது கண்டுபிடித்தாய் என்று கேட்டேன். அவள் சிரிப்பு நின்றுவிட்டது. ஸ்பீக்கர் சத்தத்தைக் குறைக்கச் சொன்னாள். குறைத்தேன்.

போன வருடம் அந்த டெஸ்ட்டுக்கு முந்தின நாள். நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேனாம். அப்போது அவள் இடம் மாறியிருக்கவில்லை, இடப்பக்கம்தான் உட்கார்ந்திருந்தாள். மார்பில் ஒரு கட்டி மாதிரி இருக்கிறது, பயமாக இருக்கிறது, நாளைக்கு நீங்களும் கூட வாங்க என்று என்னிடம் சொல்லியிருக்கிறாள். நான் பக்கத்தைத் திருப்பிவிட்டு, மோர் இருக்கிறதா என்று கேட்டேனாம்.

"ஒரு வாரம் ஒங்க மூஞ்சியப் பாக்கவே பிடிக்கல. அப்புறம் ஒருநாள் அடுப்புல பால் பொங்குதுன்னு அந்தப் பக்கமிருந்து கத்துனேன். நீங்க திரும்பவே இல்ல. அப்பத்தான் புரிஞ்சிது."

ஒன்றுமில்லை என்று வந்த கட்டிதான். ஆனால் அன்றைக்கு அவளுக்கு அது தெரியாது. தங்கையைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறாள். என்னிடம் சொல்லவில்லை என்று நான் எத்தனை நாள் குறைப்பட்டேன். இந்த நோட்டிலேயே எழுதியிருக்கிறேன்.

பாட்டை நிறுத்தினேன். எழுந்து, அவளைச் சுற்றிப் போய், அவளுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தேன். இப்போது அவள் என் வலப்பக்கம்.

"சொல்லு" என்றேன்.

"என்னத்த? அதான் முடிஞ்சு போச்சே."

"எனக்கு முடியல. அன்னைக்குச் சொன்னதச் சொல்லு."

சேலைத் தலைப்பை இழுத்துச் சரிசெய்தாள். பிறகு, அன்று சொன்னபடியே, பயமா இருக்கு அத்தான், நாளைக்கு நீங்களும் வாங்க என்றாள். வருகிறேன் என்றேன்.